மூக்கை நம்பியவர்

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் மின்தூக்கிக் கதவு திறந்ததும் எல்லாரும் காலை உள்ளே வைப்பார்கள். அக்கா முதலில் மூக்கை வைப்பார். வைத்து ஒரு கணம் நிற்பார். "பத்தாம் மாடிக்காரர் திரும்ப சிகரெட்ட ஆரம்பிச்சுட்டாரு லா" என்பார். "யாரோ டுரியான் வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஏமாந்துட்டாங்க, நல்ல பழமில்ல" என்பார். இந்தச் செய்தி அறிக்கை முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். பின்னால் நிற்கும் எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்.

கிளமெண்டியில் அக்காவும் நானும் பல வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதவு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்தவன் ஒருத்தனும் ஒழுங்கா குளிச்சுட்டு வரலடி" என்று வாயை அடைத்துவிடுவார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசினாலே அவருக்கு முகம் சுண்டிவிடும். எனக்கு சிராங்கூன் சாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. "உனக்கு ஆண்டவன் மூக்கு குடுத்ததே கண்ணாடிய மாட்டறதுக்குத்தான்" என்பது என்னைப் பற்றி அக்காவின் தீர்மானமான கருத்து. அதில் உண்மை இல்லாமலில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு தேக்கா சந்தைக்குப் போவது போல் ஒரு தண்டனை கிடையாது. கறிவேப்பிலைக் கட்டை எடுப்பார், மோந்து பார்ப்பார், வைப்பார். இன்னொன்றை எடுப்பார். மீன்காரர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். "பாத்து வாங்கறவ ஏமாறுவா, மோந்து வாங்கறவ ஏமாற மாட்டா" என்று அக்கா எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே நடப்பார். ஒரே ஒரு இடத்தில்தான் மூக்கை மடக்கி வைத்துக்கொள்வார். பூக்கடையில். சாமிக்கு வாங்கும் பூவை மோந்து பார்க்கக் கூடாது. மல்லிகைச் சரத்தைக் கையில் வாங்கியதும் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கூட அளந்து விட்டுக்கொண்டு, கோவில் வாசல் வரை விறைப்பாக நடப்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் முறைப்பார்.

இப்படிப்பட்டவர் ஒரு படகை வாங்கினார் என்றால் எப்படி வாங்கியிருப்பார்? மோந்துதான்.

சாங்கிப் பக்கம் ஒரு படகுத்துறையில், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது அது. ஒரு காலத்தில் திறந்த கடலில் அலைமேல் பறப்பதற்கென்றே கட்டிய வேகப் படகு. ஒல்லி, நீளம், அடிப்பாகம் கத்தி போல ஒடுங்கியிருக்கும். பின்பக்கம் ஒரு பெரிய மூடி. மூடிக்குக் கீழே இரண்டு பெட்ரோல் இயந்திரங்கள், இரண்டும் துருப்பிடித்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. உட்காருமிடத்தில் செடி முளைத்திருந்தது. அக்கா உள்ளே இறங்கி, தரைப் பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். எனக்கு அவருடைய காலணி மட்டும்தான் தெரிந்தது. தலையை வெளியே எடுத்தபோது நெற்றியெல்லாம் கரி. "செத்துப் போகலடி. தூங்குது" என்றார்.

அவருடைய தம்பி செங்காங்கில் இருக்கிறார், வங்கிக்காரர், கணக்கான மனிதர். "அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று தொலைபேசியில் கத்தியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. நானும் மனசுக்குள் அதைத்தான் கேட்டேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவரோடு நானும் கிளம்பினேன். கிளமெண்டியிலிருந்து சாங்கிக்கு, தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, எம்ஆர்டி ரயிலில் பை நிறைய ஸ்பேனர்களோடு.

பின்பக்கப் பலகைதான் முதல் வேலை. வெளியே கண்ணாடியிழைப் பூச்சு பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் மரம் தண்ணீர் குடித்து அழுகியிருக்கும். எது வரை அழுகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அக்கா சின்னச் சின்னத் துளைகள் போட்டு, வரும் மரத்தூளை உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். "இது போச்சு. இது போச்சு. இது மரம்." என் மூக்குக்கு எல்லாமே ஈரச் சாக்குதான். கோட்டுக்கு உட்பட்டதை வெட்டியெடுத்தபோது அழுகல் அதோடு முடிந்திருந்ததைக் கண்டு, வேடிக்கை பார்த்த அபாங் தலையாட்டிக்கொண்டார். அபாங் அந்தத் துறையில் இயந்திரம் பார்க்கும் மலாய்க்காரர். மலாயில் அபாங் என்றால் அண்ணன். அக்காவுக்கு அங்கே வாய்த்த ஒரே கூட்டாளி. இரண்டு பேரும் மலாயில் சண்டை போட்டுக்கொண்டேதான் அந்த இயந்திரங்களை உயிர்ப்பித்தார்கள்.

இந்த மூக்கு நம்பிக்கை எங்கே பிறந்தது என்று ஒருமுறை கேட்டேன். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வை அவருடைய வேலை. கப்பலின் தொட்டிக்குள் ஆள் இறங்கி வெல்டிங் செய்வதற்கு முன், உள்ளே எரியும் ஆவி இல்லை என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் கருவி பூஜ்யம் காட்டியது. மூக்கு வேறு சொன்னது. பெயிண்ட் கலக்கும் தின்னர் வாசனை, ரொம்ப லேசாக. மற்ற யாருக்கும் வரவில்லை. "நான் என்னடி செய்வேன்? தொட்டி மூடி மேலயே உக்காந்துட்டேன். வேற மெஷின் கொண்டாங்க, அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னுட்டேன்." வேறு கருவி வந்தது, அலறியது. முதல் கருவி பழுது. "மூக்கு மட்டும் சும்மா இருந்திருந்தா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இல்லை, பயம்தான் இருந்தது.

எங்கள் மாடியிலும் அப்படி ஒன்று நடந்தது. கோடிவீட்டுச் சீனப் பாட்டி கதவை அக்கா ஒரு மத்தியானம் தட்டோ தட்டென்று தட்டினார். எரிவாயுக் குழாய் விட்டுப்போயிருந்தது, பாட்டி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சீனப் புத்தாண்டு தோறும் அக்கா வீட்டுக் கதவில் ஆரஞ்சுப் பழப் பை தொங்கும்.

அதனால், பெட்ரோல் படகின் விஷயத்தில் அக்காவின் சட்டங்கள் கோவில் சட்டங்களை விடக் கடுமை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடியில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி ஒரு பொறி பறந்தால் படகும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். ஆகவே முதலில் விசிறியைப் போட்டு அடிக்காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். அதுவும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும் மூக்கு உதவாது, அதற்குப் பழகிவிடும். "நின்னுக்கிட்டே இருக்கற மூக்கு செத்த மூக்கு" என்று சொல்லிவிட்டு, விசிறி ஓடும் நேரம் முழுக்க அக்கா துறையின் அந்தக் கோடிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு புது மூக்கோடு விறுவிறுவென்று வந்து, குனிந்து, கண்ணை மூடுவார். நிமிர்ந்து "ம்" என்றால் புறப்படலாம். கருவியும் ஒன்று பொருத்தியிருந்தார். அது சும்மா சாட்சிக் கையெழுத்துப் போட.

முதல் தடவை நாங்கள் கடலில் போனது எனக்கு மறக்காது. உபின் தீவைத் தாண்டி வெளியே வந்ததும் அக்கா இரண்டு வேக நெம்புகோலையும் முன்னால் தள்ளினார். படகு மூக்கைத் தூக்கியது, பிறகு தண்ணீரை விட்டே எழுந்துவிட்டது. "முருகா, முருகா" என்று நான் அலற, அக்கா சத்தம் போட்டுச் சிரித்தார். அடுத்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பல்லெல்லாம் தெரிய, கண்ணில் நீர் வழிய, ஒரு பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தார். அந்தப் படகு அவருக்கு என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வாழ்நாள் முழுக்க ஆபத்து எங்கே இருக்கிறது என்று மோந்துகொண்டே இருந்தவர், மோந்து முடித்த பிறகு கொஞ்சம் பறக்கவும் ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

பிறகு அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்தது போல அக்காவுக்கும் கோவிட் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நான் ரசம் வைத்து வாசலில் வைத்துவிட்டு மணி அடித்தேன். "ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று கைப்பேசியில் செய்தி வந்தது. எனக்குச் சுருக்கென்றது. பெருங்காயம் தூக்கல், மிளகு பழசு, புளி போன வருஷத்துது என்று ஏதாவது ஒன்று சொல்லாமல் அக்கா என் சமையலைச் சாப்பிட்டதே இல்லை.

குணமாகி வெளியே வந்தும் மின்தூக்கியில் செய்தி அறிக்கை இல்லை. எல்லாரையும் போல் காலை வைத்து உள்ளே வந்தார். சனிக்கிழமை தோறும் படகுக்குப் போனோம். துடைத்தோம், இயந்திரத்துக்குள் நல்ல தண்ணீர் விட்டு அலசினோம். சாவியை மட்டும் அவர் தொடவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, மூடியைத் திறந்தவர் அப்படியே உறைந்து நின்றார். "அடிக்குதுடி!" என்று கத்தினார். "பெட்ரோல்! பெட்ரோல் அடிக்குது! என் மூக்கு வந்துருச்சு!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். அபாங்கைக் கூப்பிட்டு அவரையும் உலுக்கினார். கோப்பிக்கடையில் எங்கள் இருவருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, தன்னுடைய தேநீரை மூக்கருகே பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குள்ளேயே அவர் முகம் மாறத் தொடங்கியது. மூக்கு வந்துவிட்டது என்றால், படகில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

எனக்கு எதுவும் வரவில்லை. அபாங்குக்கும் வரவில்லை. "இல்லக்கா, ஒண்ணுமே அடிக்கல" என்றேன். "உன் மூக்க யாரு கேட்டா?" என்றார். கருவி பேசாமல் இருந்தது. சிகரெட் லைட்டரின் வாயுவை அதன்முன் பிடித்தால் ஒழுங்காக அலறியது, எடுத்தால் அடங்கியது. "அதுவும் ஒருநாள் கெட்டுப் போகும்" என்றார் அக்கா.

எரிபொருள் குழாய்களை எல்லாம் மாற்றினார். வாசனை போகவில்லை. தொட்டியைக் காலி செய்து வெளியே எடுத்தார். போகவில்லை. தானே கோடு போட்டு, தானே வெட்டி, தானே புதுசாக வைத்த பின்பலகையில் பெட்ரோல் ஊறிவிட்டதோ என்று அதிலேயே திரும்பவும் துளை போட்டார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அபாங் பார்க்க மாட்டாமல் எழுந்து போய்விட்டார். டாக்டர், இந்தக் காய்ச்சலுக்கப்புறம் நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது, மூக்கு இல்லாத வாசனையைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது, போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். "டாக்டர் மூக்கால சொல்றாரா, புத்தகத்தால சொல்றாரா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

மூக்கு சொல்வது உண்மையென்றால் படகு ஆபத்து. படகு நன்றாக இருக்கிறது என்றால் மூக்கு பொய். இரண்டில் ஒன்றைத்தான் அவர் வைத்துக்கொள்ள முடியும். அவர் மூக்கை வைத்துக்கொண்டார். அத்தனை வருடம் தன்னையும் பிறரையும் காப்பாற்றியதை எப்படிக் கைவிடுவார்?

வாசனை படகோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்தது. ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்தபோது எங்கள் மாடி நடைபாதையில் தீயணைப்புச் சீருடைக்காரர்கள் நின்றிருந்தார்கள். கேஸ் கசிகிறது என்று அக்கா அழைத்திருக்கிறார். வீடு வீடாகப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மரியாதையாகப் போய்விட்டார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த தடவை அக்கா யாரையும் அழைக்காமல் தானே கோடிவீட்டுக் கதவைத் தட்டினார். சீனப் பாட்டியின் மகள் கதவைப் பாதி திறந்து, "ஓகே ஆண்டி, ஓகே, எல்லாம் சரியா இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லி மெதுவாகச் சாத்தினார். கோபமாகச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா சாத்திய கதவின்முன் நின்றுகொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை தேக்காவில் பூ வாங்கினோம். பூக்காரப் பெண் சரத்தை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். அக்கா கையைத் தள்ளிப் பிடிக்கவில்லை. நடைவழியில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், மல்லிகையை முகத்தோடு சேர்த்து வைத்து ஆழமாக மூச்சை இழுத்தார்.

"அக்கா, சாமிக்குன்னு சொன்னீங்களே!" என்றார் பூக்காரப் பெண்.

"ஆமாம்மா. சாமிக்கு வேற குடு."

என் பக்கம் திரும்பினார். "மல்லிப்பூவுல பெட்ரோல் அடிக்குதுடி" என்றார். "மல்லிப்பூ கசியுமா?"

பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. கோவிலுக்குப் போனோம். அக்கா கும்பிடவில்லை, தூணோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் படகை விற்கப் போவதாகச் சொன்னார். "நான் மோந்து சொல்றேன்க்கா, அபாங் இருக்காரு, மெஷின் இருக்கு, நாம போகலாம்" என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார். "உன் மூக்க நம்பி உன்னையே ஏத்திக்கிட்டுப் போகச் சொல்றியா? வேணாம்டி. பொய் சொல்ற மூக்கோட சாவியத் திருப்ப மாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அதே வாரம் தம்பியும் வந்து பேசினார். தனியாக அடுப்போடு விடப் பயமாக இருக்கிறது, செங்காங்குக்கு வந்துவிடுங்கள் என்றார். அக்கா எதிர்க்காமல் ஒத்துக்கொண்டார். இப்போது எனக்கு அடுத்த கதவில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

படகைப் பார்க்க ஒரு சீனக் கணவன் மனைவி வந்தார்கள். பழைய வேகப் படகுகளைத் தெரிந்தவர்கள். அபாங் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி வைத்திருந்தார், போட்ட துளைகளைக்கூட அடைத்துவிட்டிருந்தார். பேரம் முடிந்து அவர்கள் படகைக் கொண்டுபோகும் நாளன்று அக்கா சீக்கிரமே வந்து இருக்கைகளைத் துடைத்தார். பிறகு எங்களோடு துறை ஓரத்தில் வந்து நின்றுகொண்டார். விசிறி ஓடியது. அந்தக் கணவர் மூடியைத் திறந்து பார்த்தார். கருவி சும்மா இருந்தது. சாவியைத் திருப்பினார்.

இரண்டு இயந்திரமும் ஒன்றாக உறுமின. பல மாதம் ஓடாத இயந்திரங்கள், பின்பக்கம் கரும்புகை பொத்துக்கொண்டு வந்தது. துறை முழுக்கப் புகை. அந்த அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அபாங் இருமினார். என் கண்ணே எரிந்தது. அக்கா அந்தப் புகைக்கு நடுவில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

படகு மெதுவாகத் திரும்பி, கால்வாய் வழியாக வெளியே போனது. திறந்த நீருக்குப் போனதும் மூக்கைத் தூக்கியது. அபாங் எங்கள் பக்கம் பார்க்காமல் பட்டறைக்குள் போய்விட்டார்.

"இப்ப பெட்ரோல் அடிக்குதா?" என்று அக்கா கேட்டார்.

"அடிக்குதுக்கா. இந்தத் தடவ நெசமாவே அடிக்குது. மூச்சு முட்டுது."

"எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். "காலையில எந்திரிக்கும்போதே இல்ல. அந்தப் பெட்ரோலும் போயிருச்சு. இஞ்சின் ஸ்டார்ட் பண்ணா ஒருவேளை வரும்னு பாத்தேன். வரல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொய்யா இருந்தாலும் ஏதோ ஒண்ணு இருந்துச்சுடி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "சரி, நீ சொல்லு. என்னென்ன அடிக்குது? ஒண்ணொண்ணா சொல்லு."

"பெட்ரோல்" என்றேன்.

"ம்."

"கருகின எண்ணெய். ரப்பர் மாதிரி ஒண்ணு. கடல் உப்பு, சேறு."

"ம். அப்புறம்?"

அதற்குமேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அழுததில் என் மூக்கு அடைத்துப்போயிருந்தது.